மேடைக் கேசட்டையும் இசைத்தட்டையும் ஒரே சுருதியில் நிறுத்திய வேலை

சேலம் அம்மாப்பேட்டையில் 1980களின் நடுவில் நடந்த ஓர் ஆடித் திருவிழாவில், ஒரு மெல்லிசைக் குழு பாடியதைப் பதிந்த கேசட் என்னிடம் இருக்கிறது. அன்று அவர்கள் பாடிய திரைப்பாடல் ஒன்றின் ஸ்டுடியோப் பதிவு, இசைத்தட்டாக எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இரண்டையும் அதனதன் உண்மையான வேகத்தில் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டுக் கேட்கும் நிலை இப்போதுதான் வாய்த்தது. மேடையில் சுருதியை இறக்கிப் பாடுவார்கள், தாளத்தை விரட்டுவார்கள், ஸ்டுடியோவில் இருந்த நிதானம் மேடையில் இருக்காது என்றெல்லாம் கேசட்டைக் கேட்டவர்கள் சொல்வதுண்டு. அவற்றில் எவ்வளவு பாடியவர்களுடையது, எவ்வளவு நாடா ஓடிய வேகத்தின் கோளாறு என்று பிரித்துப் பார்க்காமல் அந்தப் பேச்சுக்குப் பொருளில்லை என்பது என் எண்ணம். நாடா நூற்றுக்கு ஒரு பங்கு வேகமாக ஓடினாலே சுருதி 17 சென்ட் ஏறிவிடும். சென்ட் என்பது சுருதித் தூரத்தை அளக்கும் அலகு. ஆர்மோனியத்தில் வெள்ளையோ கறுப்போ அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் 100 சென்ட்; பாடுபவர்கள் அரைக்கட்டை என்று சொல்வது அதைத்தான்.

முதல் வேலை கேசட் டெக்கைச் சரிசெய்வது. நீண்ட காலம் மேல் அலமாரியில் கிடந்த, இரண்டு மோட்டார் கொண்ட பழைய டெக் அது. திறந்து பார்த்தபோது பெல்ட் இரண்டும் சேலத்துக் கோடையின் வெப்பத்தில் உருகித் தார்போல மோட்டார் கப்பியிலும் ஃபிளைவீல் எனும் கனச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தன. இந்தப் பிசினைத் துணியால் துடைக்கப் போனால் கைக்கும் மேசைக்கும் பரவுமே தவிரப் போகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியை அதன்மேல் சிறிது நேரம் ஒற்றி ஊறவைத்து, பிறகு மூங்கில் பல்குத்தியால் கப்பியின் பள்ளத்திலிருந்து சுரண்டி எடுத்து, கடைசியாகப் புதிய பஞ்சால் துடைத்தால் உலோகம் பளிச்சென்று வரும். இரும்புக் கருவியால் சுரண்டக் கூடாது. கப்பியில் ஒரு கீறல் விழுந்தாலும் அது ஒவ்வொரு சுற்றிலும் ஒலியில் நடுக்கமாகக் கேட்கும்.

பழைய பெல்ட்டின் அளவை எடுக்க வழியில்லாததால், தையல் நூலைக் கப்பியிலும் சக்கரத்திலும் பெல்ட் போகும் வழியாகவே சுற்றி, அதன் நீளத்தை அளந்து, அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து, அந்தச் சுற்றளவுள்ள பெல்ட்டை வாங்கினேன். இரண்டு பெல்ட்டும் சேர்த்து 350 ரூபாய் ஆயிற்று. நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளை இறுகிப் பளபளத்துப் போயிருந்தது. மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தேன். பழுப்புப் படலம் போயிற்று, ஆனால் மென்மை திரும்பவில்லை. புதிய உருளைக்கு 400 ரூபாய் கொடுத்தேன். தேய்த்துப் பார்க்கும் வேலையை இனிச் செய்ய மாட்டேன். உருளை வட்டம் சிறிது மாறினாலும் நாடா ஒரு பக்கமாக ஏறி ஓடுகிறது. கேசட் மடிப்பு விழுந்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது.

டெக் ஓடத் தொடங்கியது. எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதே அடுத்த கேள்வி. கேசட் நாடாவின் விதித்த வேகம் நொடிக்கு 1⅞ அங்குலம், அதாவது 4.7625 செ.மீ. இதைச் சோதிக்க 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட் விற்கிறார்கள். நல்லதாக இருந்தால் விலை அதிகம், விலை குறைந்ததாக இருந்தால் அதையே நம்ப முடியாது. அதற்குப் பதிலாக நீளத்தையே அளந்துவிடலாம் என்று தோன்றியது. 10 மீட்டர் நாடா சரியான வேகத்தில் ஓடினால் 209.97 நொடியில் ஓடி முடிய வேண்டும். சாதாரணக் கேசட் ஒன்றில் ஒரே சீரான ஒலியை முழுவதும் பதிந்து, அதில் ஓரிடத்தில் சிறு வெள்ளை நாடாத் துண்டு ஒன்றை ஒட்டி, அங்கிருந்து சரியாக 10 மீட்டர் தள்ளி இன்னொரு துண்டை ஒட்டினால், ஒலி அறுபடும் இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள நேரமே டெக்கின் வேகத்தைச் சொல்லிவிடும்.

10 மீட்டரை ஒரே நேர்க்கோட்டில், காற்று அடிக்காத இடத்தில் விரிக்க வீட்டில் இடமில்லை. அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் நண்பர் வீட்டில், பாவு விரிக்கப் பயன்பட்ட நீண்ட தாழ்வாரம் ஒன்று இன்னும் இருக்கிறது, அங்கே போனேன். எஃகு அளவு நாடாவைத் தரையில் இழுத்துவைத்து, அதன் ஓரமாகக் கேசட் நாடாவை இழுக்காமல் தளரப் பரப்பினோம். பாலியெஸ்டர் நாடா இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஆகவே இருவர் இரு முனையில் பிடிக்காமல், இடையிடையே சிறு மரத்துண்டுகளை அணைவாக வைத்துக்கொண்டே போனோம். ஒரு செ.மீ. தவறினால் ஆயிரத்துக்கு ஒரு பங்குதான் பிழை, சுருதியில் இரண்டு சென்டுக்கும் குறைவு. ஒட்டுவதற்குச் சாதாரண செலோ டேப் ஆகாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்று நாடாவில் ஒட்டும். 3.81 மி.மீ. அகலத்தில் கேசட்டுக்கென்றே வரும் ஒட்டு நாடா 450 ரூபாய். ஒரு சுருள் வாங்கினால் எனக்கு ஆயுளுக்கும் போதும்.

முதல் ஓட்டத்தில் 204.6 நொடி வந்தது. டெக் நூற்றுக்கு 2.6 பங்கு வேகமாக ஓடுகிறது என்று பொருள். புதிய பெல்ட்டின் தடிப்பு கூடுதலாக இருந்திருக்க வேண்டும். மோட்டாரின் பின்புறத் துளைக்குள் இருக்கும், வேகத்தை மாற்றும் ட்ரிம்மர் திருகை, பிளாஸ்டிக் முனை கொண்ட சிறு ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் முழு 10 மீட்டரையும் ஓடவிட்டு, கடைசியில் 210.1 நொடியில் நிறுத்தினேன். டெக் சூடேற அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகே அளக்க வேண்டும். குளிர்ந்த மோட்டாரில் எடுத்த அளவு பிறகு நிற்பதில்லை.

கேசட்டைப் பதிந்தவர் என் மாமா. செவ்வாய்ப்பேட்டையில் மைக் செட் வைத்திருந்தார். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அன்று ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு வயரை இழுத்து, பக்கத்தில் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்த டூ இன் ஒன்னில் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) நேராகப் பதிந்திருக்கிறார். அது மோனோ கருவி. அதன் ஹெட் (நாடாவில் ஒலியைப் பதியும், படிக்கும் பாகம்) நாடாவில் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. அகலத்துக்கு ஒரே தடமாகப் பதியும். என் டெக்கின் ஸ்டீரியோ ஹெட் அதையே மேல்பாதி கீழ்ப்பாதி என இரண்டாகப் படிக்கும். பதிந்த ஹெட்டின் சாய்வும் படிக்கும் ஹெட்டின் சாய்வும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு பாதியும் ஒரே கணத்தில் வரும். இல்லாவிட்டால் ஜால்ராவும் ‘ஸ’கரமும் மங்கிப்போகும்.

அதைச் சரிசெய்ய ஹெட்டின் பக்கத்தில் உள்ள ஸ்பிரிங் போட்ட திருகைத் திருப்ப வேண்டும். முதலில் அதன் பழைய நிலையை நெயில் பாலிஷ் கோடு ஒன்றால் குறித்துக்கொண்டேன். இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து ஹெட்ஃபோனில் கேட்டபடியே திருகை மெல்லத் திருப்பினால், போர்வையை விலக்கியதுபோல ஓரிடத்தில் தாள ஒலி திடீரென்று திறந்துகொள்கிறது. அந்த இடத்தில் நிறுத்திச் சிறிது பதிந்து, அடாசிட்டி மென்பொருளில் ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒத்திருந்தால் ஒன்றையொன்று அழித்து மிக மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சும். அந்த மிச்சம் மிகக் குறையும் வரை திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக முன்னும் பின்னும் நகர்த்தினேன். இது ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியாகச் செய்ய வேண்டிய வேலை. டால்பி என்ற, இரைச்சல் குறைக்கும் வசதியை அணைத்தே வைத்தேன். பதிந்த கருவியில் அது கிடையாது.

5,200 ரூபாய்க்கு வாங்கிய யுஎஸ்பி ஒலிப்பெட்டி வழியாக 24 பிட், 48,000 மாதிரி வீதத்தில் முழுக் கேசட்டையும் கணினிக்குள் எடுத்துக்கொண்டேன்.

டெக் சரியான வேகத்தில் ஓடுகிறது. அதனால் மாமாவின் டூ இன் ஒன் அன்று சரியான வேகத்தில் ஓடியது என்றாகிவிடாது. அதைக் கண்டுபிடிக்கக் கேசட்டுக்குள்ளேயே ஏதாவது அளவுகோல் வேண்டும். முதலில் கண்ணில் பட்டது மின்சார ரீங்காரம். ஆம்ப்ளிஃபையரிலிருந்து நேராக எடுத்த பதிவு என்பதால் பாடல்களுக்கு இடைப்பட்ட அமைதியில் அது தெளிவாகவே கேட்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேசட்டில் உள்ள ரீங்காரமும் 50ஆக வந்தால் வேகம் சரி என்று கொள்ளலாம் அல்லவா? அடிப்படை அதிர்வைவிட அதன் பத்தாவது மடங்கை அளந்து பத்தால் வகுத்தால் துல்லியம் கூடும். 498 ஹெர்ட்ஸ் வந்தது, அதாவது 49.8. ஏறத்தாழச் சரியான வேகம் என்று அதை நம்பி, கேசட்டை அப்படியே வைத்துக்கொண்டு பாடலை அளக்கத் தொடங்கினேன்.

அளவு பொருந்தவில்லை. பாடகியின் ஆதார ஷட்ஜம் (ஸ) 380.6 ஹெர்ட்ஸில் நின்றது. நாலரைக் கட்டை என்றால் 370, ஐந்து கட்டை என்றால் 392. இது இரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கிறது. கீபோர்டு வைத்து வாசிக்கும் குழு கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் சுருதி வைத்துக்கொள்ள வாய்ப்பு மிகக் குறைவு. கேசட்டில் உள்ள மற்றப் பாடல்களையும் அளந்தேன். எல்லாவற்றிலும் அதே கால் கட்டை இடறல், ஒரே அளவில். கீபோர்டின் தைவதம் (ஆறு கட்டை), 440 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது, 452.6இல் இருந்தது. அது உண்மையானால் கேசட் நூற்றுக்கு 2.86 பங்கு வேகமாகவும் 49 சென்ட் உயர்ந்தும் ஒலிக்கிறது. ரீங்காரமோ வேகம் சரி என்கிறது.

இரண்டில் எது பொய் என்பதற்கு விடை அந்தக் கால மின்சாரத்தில் இருந்தது. கேசட் நூற்றுக்கு 2.86 பங்கு வேகமாக ஓடுகிறது என்றால் அன்றைய மின்சாரத்தின் உண்மை அதிர்வெண் 48.4 ஹெர்ட்ஸ். இன்று கேட்க விந்தையாக இருக்கும். ஆனால் அந்நாளில் தேவைக்கு ஏற்ற மின்உற்பத்தி இல்லாமல், தென்மண்டல மின்தொகுப்பின் அதிர்வெண் மாலை நேரங்களில் இப்படி இறங்கி நிற்பது வழக்கமாகவே இருந்தது. அதிர்வெண்ணைப் பொறுத்து மின்சாரத்துக்கு விலை வைக்கும் முறை தென்மண்டலத்தில் 2003 தொடக்கத்தில் வந்த பிறகே அது கட்டுக்குள் வந்தது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலம் நாட்டின் மற்றப் பகுதிகளின் மின்தொகுப்போடு இணைந்தது. இப்போது விதித்திருக்கும் எல்லை 49.90 முதல் 50.05 வரை. இன்றைய பதிவுக்கு ரீங்காரம் நல்ல அளவுகோல். 1980களின் சேலத்து இரவுக்கு அது ஆகாது.

கீபோர்டை மட்டும் நம்பி முடிவு செய்யவும் மனம் வரவில்லை. கீபோர்டின் பின்புறத்தில் சுருதியைச் சிறிது ஏற்றி இறக்கும் திருகு இருக்கும். அன்று வாசித்தவர் அதைத் தொட்டிருந்தால் என் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும். யாரும் திருக முடியாத ஒரு சுருதி வேண்டும். கேசட்டின் முதல் பக்கத் தொடக்கத்தை மீண்டும் மீண்டும் கேட்டபோது அது கிடைத்தது. கச்சேரி தொடங்கும் முன் பூசை முடிகிறது. மேடை மைக் ஏற்கெனவே திறந்திருக்கிறது. அதன் வழியாகக் கோயில் மணி தொலைவில் ஒலிக்கிறது.

அந்த மணி இன்றும் அதே இடத்தில் தொங்குகிறது. பூசாரியிடம் விவரம் சொல்லி, மணியை இடையில் மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டேன். “மாத்தலீங்க தம்பி, எங்க அப்பா அடிச்ச மணிதான் இது. நாக்கு மட்டும் ஒருவாட்டி மாத்துனோம்” என்றார். விளிம்பில் உபயதாரர் பெயரோடு 1957 என்று பொறித்திருப்பதையும் காட்டினார். நாக்கு மாறினால் அடிக்கும் கணத்தின் ஓசை சற்று மாறும். அடித்த பிறகு நின்று ஒலிக்கும் சுருதி மணியின் உலோகத்தையும் வடிவத்தையும் பொறுத்தது, அது மாறாது. வெப்பம் ஏறினால் உலோகத்தின் சுருதி ஒரு சிறிது இறங்கும் என்பதால், ஆடி மாதத்திலேயே, இரவுப் பூசை நேரத்திலேயே பதிந்துகொண்டேன். அதிக நேரம் நின்று ஒலிக்கும் கூறு 688 ஹெர்ட்ஸ். கேசட்டில் அதே கூறு 707.5 ஹெர்ட்ஸ். விகிதம் 1.0283; சுருதியில் 48 சென்டும் கொஞ்சமும். கீபோர்டு சொன்னது 49. இரண்டும் ஒரு சென்டுக்குள் ஒத்துப்போயின. மாமாவின் டூ இன் ஒன் அன்று மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. அதனால்தான் இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது பாட்டு ஏறி ஒலிக்கிறது. கணினியில் வேகத்தை 1.0286ஆல் வகுத்துக் குறைத்தேன். தபேலாவின் ஷட்ஜமும் நாலரைக் கட்டையில் வந்து அமர்ந்தது.

இசைத்தட்டுப் பக்கம் வேலை குறைவு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டின் மேல் 180 கோடு போட்ட வட்டத்தாளை வைத்து, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கின் ஒளியில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் நின்ற இடத்தில் நிற்கும். எல்ஈடி விளக்கில் பெரும்பாலும் இது தெரிவதில்லை. சோக் வைத்த பழைய டியூப் லைட் ஒன்றை மாட்டிய பிறகே தெரிந்தது. தட்டின் நடுத்துளை மிகச் சிறிதே விலகியிருந்ததால், ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 நொடிக்கு ஒருமுறை, நீண்ட வயலின் சுரங்களில் ஓர் அலைவு வந்தது. துளையை ஊசி அரத்தால் சிறிது அகலமாக்கித் தட்டை மையப்படுத்தி வைக்கலாம். குடும்பத்தில் எல்லோரும் கேட்ட தட்டு அது என்பதால் அரத்தை எடுக்கவில்லை. பல சுற்றுகளின் சராசரியை எடுத்தேன். பாடலின் ஷட்ஜம் 417.5 ஹெர்ட்ஸ், ஐந்தரைக் கட்டையின் 415.3ஐவிட 9 சென்ட் கூடுதல். ஸ்டுடியோவின் மூல நாடா ஓடிய வேகமோ அங்கிருந்த வாத்தியங்களின் சுருதியோ அதற்குக் காரணமாக இருக்கலாம்; அதை நான் திருத்தாமல் அப்படியே விட்டேன்.

ஒப்பிடும் முன் இரண்டின் சத்த அளவையும் சமமாக்க வேண்டும். சத்தம் சற்றே கூடுதலாக இருக்கும் பதிவு நம் காதுக்குச் சிறந்ததாகவே படும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் நடத்தும் ஒப்பீடுகள் பெரும்பாலும் வீண் என்பது என் உறுதியான கருத்து. இரண்டையும் −20 எல்யுஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவில் வைத்தேன்.

இனிக் கேட்டவை. ஸ்டுடியோவில் ஐந்தரைக் கட்டை, மேடையில் நாலரைக் கட்டை. முழுதாக ஒரு கட்டை இறக்கியிருக்கிறார்கள். திருத்தாத கேசட்டில் இது முக்கால் கட்டையாகவே தெரிந்தது. மேடையில் பாடியவர் இசைத்தட்டில் பாடியவர் அல்லர். அவருக்கு வசதியான இடத்தில் சுருதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. பல்லவியில் அவர் குரல் தட்டில் உள்ளதைவிட நெஞ்சோடு ஒட்டி, பருமனாக இருப்பதற்கு இந்த இறக்கமே காரணம். மூன்று மணி நேரம் பாட வேண்டியவர் அப்படித்தான் பாட முடியும். ஸ்டுடியோவில் ஒரு பாட்டுக்காக வந்து நிற்பவரோடு இதை வைத்துக் குறை சொல்வது நியாயமில்லை.

தாளம் விரைந்தது உண்மை. ஆனால் கேசட் காட்டிய அளவுக்கு இல்லை. தட்டில் நிமிடத்துக்கு 98 அடியில் தொடங்கி 99இல் முடிகிறது. மேடையில் 102இல் தொடங்கி, இரண்டாம் சரணம் முடியும்போது 108இல் இருக்கிறார்கள். திருத்தாத கேசட்டில் இவை 104.9, 111.1 என்று இருந்தன. எந்த இடத்தில் ஏறுகிறது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்துப்போன செய்தி. பாடகி பாடும் வரை தாளம் கிட்டத்தட்ட நிலையாகவே இருக்கிறது. இடையிசை வந்ததும் ஏறுகிறது. அவர் மறுபடி பாட வரும்போது ஏறிய இடத்திலேயே நிற்கிறது. இறங்குவதே இல்லை. தட்டில் புல்லாங்குழல் வாசிக்கும் அந்த இடையிசையை மேடையில் கீபோர்டு வாசிக்கிறது. குழலில் மூச்சு எடுக்கும் இடைவெளிகள் இருக்கும், அவை அந்தச் சொற்றொடருக்குத் தவணை கொடுத்து நிறுத்தும். கீபோர்டுக்கு மூச்சு தேவையில்லை, அந்த இடைவெளிகள் அடைபட்டுப்போகின்றன. தட்டையும் கேசட்டையும் இடையிசையில் மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டால் இது ஐயமில்லாமல் தெரிகிறது.

சரணத்தின் மூன்றாம் அடியைத் தட்டில் பாடியவர் இரண்டு வரியாக ஒரே மூச்சில் எடுக்கிறார். மேடையில் பாடியவர் பாதியில் மூச்சு எடுக்கிறார். எடுக்கும் இடத்தைச் சொல் உடையாத இடமாகப் பார்த்து வைத்து, இழந்த நேரத்தை அடுத்த நெடிலில் ஈடுகட்டிவிடுகிறார். ஒவ்வொரு சரணத்திலும் அதே இடம். ஒத்திகையில் யோசித்து முடிவு செய்தது என்று தெரிகிறது. தட்டில் இல்லாத ஒரு சிறு சங்கதியும் (அதே வரியைச் சுரங்களை மாற்றிப் பாடுவது) கடைசிப் பல்லவியில் வருகிறது. அதற்குக் கூட்டத்தில் எழுந்த ஆரவாரம் மைக்கில் லேசாக விழுந்திருக்கிறது.

குரலின்மேல் உள்ள எதிரொலியையும் அளந்தேன். மேடையில் எக்கோ கருவி 250 மில்லிநொடிக்கு ஒருமுறை சொல்லைத் திருப்பிச் சொல்கிறது. தட்டில் அப்படித் தனித்தனியாகத் திரும்பும் சொல் இல்லை, குரல் பரந்து கரைகிறது. ஆனால் இந்தக் கேசட்டை வைத்து மேடையின் மொத்த ஒலிச்சமநிலையைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து எடுத்த பதிவில் மைக் வைத்த ஒலி மட்டுமே வரும். டிரம்ஸுக்கு அன்று மைக் இல்லை. அது பாடகர் மைக்குகளில் கசிந்த அளவுக்கே கேட்கிறது. எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது காதைப் பிளந்திருக்கும்.

அதே குழு, அதே பாடலை ஏற்காட்டிலும் ஒரு மே மாதத்தில் பாடியிருக்கிறது. அந்தக் கேசட் சித்தப்பாவின் காப்பித் தோட்ட வீட்டில் இருந்தது. ஏற்காடு சாலையில் பேருந்து மலையேறும் முன், டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட ஸ்டுடியோவின் வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்டுடியோப் பதிவு என்பது சேலத்துக்கு அந்நியமாக இருந்த காலமே இல்லை என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். கேசட்டை வாங்கிப் பார்த்தபோது, நாடாச் சுருளின் விளிம்பெங்கும் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. சேலத்தின் வெப்பம் பெல்ட்டை உருக்கியது என்றால், சேர்வராயன் மலையின் மூடுபனி நாடாவைப் பிடித்துக்கொண்டது.

பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட்டும் உருளையும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துத் திறந்தேன். கூடு திருகு போடாமல் ஒட்டிய வகை. இணைப்பில் கத்தியை வைத்து மெல்லத் தட்டிப் பிளந்து, சுருள்களை எடுத்து, ஐந்து திருகு போட்ட வேறொரு கூட்டுக்கு மாற்றினேன். பழைய வெற்றுக் கேசட் 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஈரம் போகச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்து, பிறகு பழுதாகிப்போன இன்னொரு பிளேயரில், பஞ்சில்லாத மென்துணி நாடாவைத் தொடும்படி பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக ஓட்டித் துடைத்தேன். துணி வெள்ளையானதும் மாற்றினேன். பிறகு அது பழுப்பாகத் தொடங்கியது. பழுப்பு என்றால் ஒலி பதிந்திருக்கும் பூச்சே உரிகிறது. அந்த இடத்தில் நிறுத்தினேன்.

இந்தப் பதிவு பேட்டரியில் ஓடிய கருவியில் எடுத்தது. தொடக்கத்தில் கீபோர்டின் தைவதம் 441 ஹெர்ட்ஸில், கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் பாதிக்கு மேல் மெல்ல ஏறத் தொடங்கி, முடியும் இடத்தில் 466ஐத் தொடுகிறது. ஏறத்தாழ அரைக்கட்டை ஏற்றம். பேட்டரி இறங்க இறங்கப் பதியும் கருவி மெதுவாகிறது; இப்போது சரியான வேகத்தில் ஓட்டும்போது பாட்டு ஏறிக்கொண்டே போகிறது. கேட்பவருக்குக் குழு கடைசிப் பாடல்களை உற்சாகத்தில் உயர்த்திப் பாடுவதாகவே தோன்றும். அடாசிட்டியில் டைம் டிராக் என்ற வசதியைத் திறந்து, கீபோர்டின் தைவதம் நிமிடத்துக்கு நிமிடம் எங்கே இருக்கிறது என்று அளந்து புள்ளி வைத்து, வேகக் கோட்டை அதன்படி இறக்கினேன். பாடலின் முதல் பாதி நன்றாக நின்றது. இங்கேயும் நாலரைக் கட்டைதான். தாளம் 100இல் தொடங்குகிறது, அம்மாப்பேட்டையைவிடச் சற்று நிதானம். ஆனால் இரண்டாம் சரணம் வரும் இடத்தில் பூச்சு உரிந்து ஒலி விட்டுவிட்டு வருகிறது. இடையிசைக்குப் பிறகு தாளம் அங்கும் ஏறி நின்றதா என்பதைத்தான் நான் அறிய விரும்பினேன். அந்த இடமே போய்விட்டது.

அடுத்த முறை, துணியால் துடைக்கும் முன் ஒரே ஒரு ஓட்டத்தில் முழு நாடாவையும் கணினிக்கு எடுத்துவிடுவேன். பூஞ்சையோடு எடுத்தால் ஒலி மங்கும், ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஹெட்டைத் துடைக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் தாளத்தையும் சுருதியையும் அளக்க அது போதும். அதற்கென்றே பயன்படுத்தி எறிந்துவிடக்கூடிய ஒரு பழைய டெக்கை, 800 ரூபாய் வரை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறேன். 10 மீட்டர் சோதனை நாடாவை ஒன்றுக்கு இரண்டாகச் செய்து வைப்பேன். ஓட்ட ஓட்ட ஒட்டுகள் தளர்கின்றன. மேடைப் பதிவு எதுவாக இருந்தாலும், முதல் பாட்டுக்கு முன்னும் கடைசிப் பாட்டுக்குப் பின்னும் உள்ள பகுதியை வெட்டாமல் முழுதாக எடுத்து வைப்பேன். மணி கிடைத்தது அங்கேதான். மாமாவின் பெட்டியில் இன்னும் சேலத்தின் குகைப் பகுதித் திருவிழாக் கேசட்டுகள் சில இருக்கின்றன. அவற்றில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன; செம்புத் தகட்டோடு வரும் மாற்றுப் பஞ்சுகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.